கருப்புக் கோட்டின் விலை என்ன?

கிரிவலம் போகிறவர்களுக்கு அடி அண்ணாமலையில் கோயில் தெரியும். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் நம் தெரு தெரியாது. போன பௌர்ணமிக்கு மறுநாள் அந்தத் தெருவில் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கிரிவலப் பாதையில் பூ விற்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். "வக்கீலுக்குப் படிக்கணும்க்கா" என்றாள். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அதுக்கு எவ்ளோ துட்டு ஆவும்மா?"

"அரசு சட்டக் கல்லூரியில் ஃபீஸ் பெரிசா இல்லம்மா" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பிப் போய், நடுவில் படிப்பை விட்டுத் திரும்பிய பிள்ளைகளைப் பார்த்தவள் நான்.

மீதிப் பாதியைக் கணக்குப் போடுவோம். நமக்குப் பக்கத்து அரசு சட்டக் கல்லூரிகள் வேலூரும் விழுப்புரமும். பெண்களுக்கு இலவசப் பயணம் நகரப் பேருந்தில்தான். அந்த ஊர்களுக்குப் போகும் பேருந்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். தினமும் போய்வர முடியாது, தங்கித்தான் படிக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படியை 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான். புத்தகம், ஜெராக்ஸ், கருப்புக் கோட்டு எல்லாம் தனி.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் கல்லூரி பணம் கேட்பது ஆண்டின் தொடக்கத்தில். நான் பார்த்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை வந்தது ஆண்டு முடியும் நேரத்தில். இடைப்பட்ட மாதங்களை ஓட்டுவது அரசாங்கம் அல்ல, வட்டிக்காரர்.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. கிளாட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே பட்டியல் சாதி மாணவர் 3,500 ரூபாய் கட்ட வேண்டும். பொதுப் பிரிவுக்கு 4,000. ஆயிரமாண்டு ஒடுக்குமுறைக்கு இவர்கள் போட்ட தள்ளுபடி 500 ரூபாய்! உள்ளே போனால் பல இடங்களில் ஆண்டுக் கட்டணமே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

சரி, படித்து முடித்தாயிற்று. பார் கவுன்சிலில் பதிய வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24வது பிரிவுப்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பதிவுக் கட்டணம் மொத்தம் 125 ரூபாய். மற்றவர்களுக்கு 750. ஆனால் மாநில பார் கவுன்சில்கள் 15,000இலிருந்து 42,000 வரை வாங்கிக்கொண்டிருந்தன. சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களே சட்டத்தை மீறினார்கள். 2024 ஜூலை 30 அன்று, கௌரவ் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் இதை நிறுத்தியது. அதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. அடகு வைத்த கம்மல் போனது போனதுதான். பதிவுக்கு 125 என்றால், பதிந்த பிறகு எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்கு அதே ஆண்டு நம்மிடம் வாங்கியது 2,500. இருபது மடங்கு!

இது புதிதல்ல, தோழர்களே. 1923இல் லண்டனிலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய அண்ணல் அம்பேத்கரிடம் தொழில் நடத்த சன்னது வாங்கப் பணமில்லை. நண்பர் நவல் பதேனா கொடுத்து உதவினார். அண்ணலுக்கு ஒரு பதேனா கிடைத்தார். நம் தெருப் பெண்ணுக்கு யார்?

அதன் பிறகு ஜூனியர் வாழ்க்கை. சம்பளமில்லாமல் கட்டுச் சுமக்கும் ஆண்டுகள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தர வேண்டும் என்றது. திருவண்ணாமலை கோர்ட்டு வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள், எத்தனை பேர் கையில் அந்த 15,000 வருகிறது என்று. அப்பா வக்கீலாக இருக்கும் பிள்ளை இந்த ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்கும். பூக்காரி மகள் எப்படித் தாக்குப்பிடிப்பாள்?

இப்படி ஒவ்வொரு படியிலும் வடிகட்டிவிட்டு, "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்கிறார்கள். 2018 முதல் 2022 வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 2.8 விழுக்காடு. நமக்குப் பக்கத்து ஜோலார்பேட்டையில் பிறந்த ஏ. வரதராஜன் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். தகுதி நம் மண்ணில் எப்போதும் இருந்தது. வழிதான் அடைக்கப்பட்டிருக்கிறது.

நமக்கு எதற்கு வக்கீல் என்று கேட்பவர்கள் தென்முடியனூர் போய்ப் பாருங்கள். அங்கே நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. அதை நீதிமன்றத்தில் நம் வலியோடு பேச ஆள் வேண்டாமா?

கேட்பது பிச்சை அல்ல, உரிமை. உதவித்தொகை கல்லூரி திறக்கும் மாதத்திலேயே கைக்கு வர வேண்டும். ஒவ்வொரு அரசு சட்டக் கல்லூரிக்கும் பக்கத்தில் ஆண், பெண் இருவருக்கும் விடுதி வேண்டும். பார் தேர்வுக் கட்டணமும் 125 ரூபாயின் நியாயத்துக்கு இறங்க வேண்டும். ஜூனியர் ஊதியத்தைத் தராத சீனியர் பார் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அன்று அந்த அம்மாவிடம் கணக்கு முழுவதையும் சொன்னேன். பூக்கூடையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ளிகேசன் எப்போ தர்றாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் மட்டுமல்ல.

ஜெய் பீம்!