விசிலுக்கு முன் ஒரு விநாடி

கோவில்பட்டிப் பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் ஹாக்கி. 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவருமே கோவில்பட்டியில் பயிற்சி எடுத்தவர்கள்தான்.

இப்போது அங்கே செயற்கைப் புல்தரை இருக்கிறது. நான் விசில் ஊதிய காலத்தில் பெரும்பாலும் கரிசல் பொட்டல்தான். அங்கே செய்த ஒரு தப்பைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பள்ளிப் பையன்கள் ஆட்டம். 1-1. இன்னும் இரண்டே நிமிடம். எப்போதும்வென்றான் ஊர்ப் பையன் ஒருவன் டி-க்குள் பந்தைத் தள்ளினான். தடுக்க வந்தவன் காலில் பட்டது. டக்கென்று விசில் ஊதிவிட்டேன். காலில் பட்ட பந்தோ திசை மாறி, தனியாக நின்ற அவன் கூட்டாளியிடம் போக, அவன் அதை கோலுக்குள் தள்ளியே விட்டான்!

விசிலுக்குப் பிறகு விழுந்த கோல் செல்லாது. பெனால்டி கார்னர் கொடுத்தேன். அது வீணானது. கடைசியில் டைபிரேக்கரில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் வந்தான். "சார், எங்க ஊரு பேரே எப்போதும்வென்றான். இன்னைக்கு நீங்க தோக்க வச்சிட்டீங்களே" என்றான். கோபம்கூட இல்லை. அதுதான் சுட்டது.

"கால்ல பட்டா பவுல்தானே அண்ணாச்சி?" என்று ஒரு மூத்த நடுவரிடம் கேட்டேன். "பட்டுச்சு, சரி. யாருக்கு நட்டம்? தப்பு செஞ்சவன் அணியை நீங்களே காப்பாத்தி விட்டுட்டீங்களே தம்பி!" என்றார்.

அன்றிரவு விதிப்புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். பந்து காலில் பட்டாலே குற்றமில்லை. அதனால் அவனுக்கு லாபம் கிடைத்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே காலை வைத்திருக்க வேண்டும். எதிரணிக்குத் தெளிவான பாதிப்பு இருந்தால்தான் தண்டனை.

கரிசலில் இது தினமும் வரும் சோதனை. வெடித்த மண்ணில் பந்து தானாகவே துள்ளும். துள்ளிய பந்துக்கெல்லாம் 'ஆபத்து' என்று ஊதினால் ஆட்டமே நடக்காது. எதிரே நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்ள நியாயமாகவே விலக வேண்டி வந்ததா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே கேள்வியை ரக்பி நடுவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று டிவியில் பாருங்கள். பக்கத்துக்கு 15 பேர், மைதானத்துக்குள் ஒரே நடுவர். விதிகளை அங்கே 'சட்டம்' என்பார்கள், மொத்தம் 21. தவறு நடந்ததும் நடுவர், பாதிக்கப்பட்ட அணியின் பக்கம் கையை நீட்டி "அட்வான்டேஜ்" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஆட்டத்தை ஓட விடுவார். லாபம் கிடைத்தால் அதோடு சரி. கிடைக்காவிட்டால் விசில் ஊதி, பழைய தவறுக்கே திரும்பி வருவார்.

ஹாக்கி நடுவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆட்டத்தை ஓட விடுவது என்று முடிவு செய்துவிட்டால், பழைய தண்டனைக்குத் திரும்பி இரண்டாவது வாய்ப்புத் தரக் கூடாது. ஆகவே அந்த ஒரு விநாடியில் எல்லாம் இருக்கிறது. காலைப் பார்த்த கண், பந்து யாரிடம் போகிறது என்றும் பார்த்தாக வேண்டும்.

அப்படியென்றால் ஆளுக்கொரு நியாயமா? இல்லை. முதல் நிமிடத்தில் விட்டதைக் கடைசி நிமிடத்தில் பிடிக்கக் கூடாது. ஒரு பக்கம் பொறுத்ததை மறுபக்கமும் பொறுக்க வேண்டும். முரட்டு ஆட்டம், அடிபடும் ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்கவே கூடாது, உடனே விசில்.

வீட்டில் பிள்ளைகள் சண்டைக்கு நாம்தானே நடுவர்? "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்டுவிட்டு இருவர் கையிலும் இருந்த விளையாட்டுச் சாமானைப் பிடுங்கி வைத்துவிடுகிறோம். நட்டம் யாருக்கு என்று கேட்பதே இல்லை.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். தம்பி, இதைப் படித்தால் தெரிந்துகொள். அது கோல்தான்.