மலைகளுக்கு நடுவே ஒரு தீவு



நாற்புறமும் நீரால் சூழப்பெற்ற நிலம் தீவு எனப்படும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவ்விலக்கணத்தைச் சற்றே தளர்த்திக்கொண்டால், கடற்கரையே இல்லாத நமது இடுக்கி மாவட்டத்திலும் ஒரு தீவு உண்டு என்று கூறலாம். நீருக்குப் பதிலாக அடர்ந்த கானகமும், அதற்கு அப்பால் தேயிலைத் தோட்டங்களும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. அதன் பெயர் இடமலக்குடி. மூணாற்றிலிருந்து இராசமலை வழியாகப் பெட்டிமுடி வரை வண்டியிற் சென்று, பின்னர்க் காட்டினூடே பல மணி நேரம் நடந்தே அவ்விடத்தை அடைவது நெடுங்கால வழக்கம். அங்கு இருபதுக்கும் மேற்பட்ட குடிகளில் முதுவர் எனும் மலைமக்கள் வாழ்கின்றனர். 2010ஆம் ஆண்டில் இடமலக்குடி தனி ஊராட்சியாயிற்று. பழங்குடி மக்களுக்கெனக் கேரளத்தில் அமைந்த முதல் ஊராட்சி அதுவே.

சின்னக்கானல் பக்கத்து அன்பர்களுக்கு முதுவர் புதியவரல்லர். முதுகில் துணி கட்டிக் குழந்தையைச் சுமந்தவாறு கடைத்தெருவுக்கு வரும் முதுவப் பெண்களை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கண்டோமேயன்றி, அவர்களிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டென எண்ணினோமா என்பதே இத்திங்கள் நாம் எழுப்பும் வினா.

அவர்களுடைய முன்னோர் வழிவழியாகச் சொல்லிவைத்த செய்தி நம் நெஞ்சைத் தொடுவது. மதுரைக்குக் கேடு நேர்ந்த காலத்தில், மீனாட்சியம்மையின் திருவுருவையும் தம் மக்களையும் முதுகிற் சுமந்து இம்மலைகளில் ஏறினராம்; அதனாலேயே முதுவர் எனப் பெயர் பெற்றனராம். வரலாற்று ஆசிரியர் இதனை எவ்வாறு எடைபோட்டாலும், அவர்கள் பேசும் மொழி தமிழோடு நெருங்கிய உறவுடையது என்பதை ஒரு நாழிகை உடனிருந்து கேட்டாலே உணரலாம். ஆகவே, பிழைப்புத் தேடி மலையேறிய தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு, அவர்கள் பல தலைமுறை முன்னதாகவே ஏறிவிட்ட மூத்த உறவினர் என்று சொல்வது மிகையாகாது.

இனி, அவர்கள் வாழ்ந்த முறையைக் காண்போம். ஒவ்வொரு குடிக்கும் காணி எனப்படும் தலைவர் ஒருவர் உண்டு. ஈற்றையும் மூங்கிலும் மண்ணும் கொண்டு வீடு எழுப்பினர். கூரைக்குப் புல்லும் இலையும் காடே தந்தது. மணமாகாத இளைஞர் இரவில் பெற்றோருடன் தங்காமல், அவர்களுக்கென அமைந்த சாவடியில் ஒருங்கே உறங்குவர். மூத்தோர் சொல்லும் கதைகளும், வேட்டை வழிகளும், பயிர்த்தொழில் நுணுக்கங்களும் அச்சாவடியில்தான் அடுத்த தலைமுறைக்குச் சென்றன. ஏடும் எழுதுகோலும் இல்லாத பள்ளி என்றே அதனைக் கூறலாம்.

அவர்களுடைய முதன்மைப் பயிர் கேழ்வரகு. நம்மவர் கேப்பை என்பது இதனையே. ஒரே புனத்தில் கேழ்வரகுடன் தினை, சாமை, சோளம், அவரை, பூசணி ஆகியவற்றையும் கலந்து விதைப்பர். மழை பொய்த்து ஒன்று கெட்டாலும் மற்றொன்று கைகொடுக்கும் என்பதே அதன் கருத்து. விளைச்சல் எடுத்த நிலத்தைச் சில ஆண்டுகள் ஓயவிட்டு வேறிடம் செல்வர். காடு மீண்டும் அதனை மூடி, மண்ணுக்கு உரம் சேர்த்துவிடும். கேழ்வரகில் முந்தி விளைவதும் பிந்தி விளைவதுமாகப் பல இனங்களைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியே காத்தனர். நன்கு உலர்த்திய கேழ்வரகு பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கில் கெடாதிருக்கும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு; வெள்ளரிசியிலோ பத்து மில்லிகிராம் அளவே. ஆக, சேமிப்பும் உணவும் மருந்தும் ஒரே குதிரில் இருந்தன.

நாம் இம்மலைக்கு வந்த வரலாறு வேறு. 1877ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ எனும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். அதன்பின் காடு திருத்தப்பட்டது. கங்காணிமார் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து நம் பாட்டன்மாரை அழைத்துவந்தனர். அவர்கள் கையில் மண்வெட்டி தரப்பட்டது. விதைப்பதற்கு ஒரு முழ நிலமும் சொந்தமாகத் தரப்படவில்லை. உழைப்புக்குக் கூலி, கூலிக்கு அரிசி என்பதே அன்றுதொட்டு நம் வாழ்வாயிற்று.

அந்த அரிசி வந்த வழியை, இருப்புப்பாதை எழுத்தராகிய நாம் சற்றே ஆர்வத்துடன் தேடிப் படித்ததுண்டு. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902ஆம் ஆண்டில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908ஆம் ஆண்டில் அது நீராவி வண்டி ஓடும் சிறு இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாக வெளியுலகம் சென்றன. கீழிருந்து உணவுப்பொருள்கள் ஏறிவந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை முற்றிலும் அழித்துவிட்டது. அது மீண்டும் போடப்படவேயில்லை. வண்டி நின்றால் அடுப்பு நிற்கும் என்ற நிலையில் நம் முன்னோர் இருந்தனர். தம் புனத்துத் தானியத்தை உண்ட முதுவருக்கு அந்த வண்டி ஓடினாலும் ஒன்று, நின்றாலும் ஒன்று.

நூறாண்டு கடந்தும் நம் நிலை மாறவில்லை என்பதை 2020ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. கொரோனாத் தொற்றினால் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. போடிமெட்டில் ஆட்கள் வந்துசெல்வது நின்றது. கம்பம், தேனிச் சந்தைகளிலிருந்து காய்கறி லாரி நாளை வருமோ வராதோ என்று வீடுதோறும் கவலை. "ஏங்க, அரிசி பதினைந்து நாளைக்குக் காணும். அதற்கப்புறம்?" என்று நம் இல்லத்தில் எழுந்த கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அரசு வழங்கிய அரிசியும் மளிகைப் பையும் வந்து நம்மைக் காத்தன. நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். ஆயினும், கையேந்தி நின்ற அந்நாட்களின் அச்சம் இன்னும் நீங்கவில்லை.

அதே நாட்களில் இடமலக்குடியில் நடந்தது என்ன? ஊரார் கூடித் தம் எல்லையைத் தாமே அடைத்தனர். வெளியார் எவரும் உள்ளே வரலாகாது. இன்றியமையாப் பொருள் வாங்க வெளியே சென்று திரும்புவோர் இரு வாரம் தனித்திருத்தல் வேண்டும் என்று விதித்தனர். அவ்விதியைக் காத்தும் நின்றனர். ஏறத்தாழப் பதினாறு மாதங்கள், 2021ஆம் ஆண்டு சூலை வரை, அங்கு ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. வெளியிலிருந்து பொருள் வாங்கவேண்டியிருந்தது உண்மையே. எனினும் குறைவைத்துக்கொண்டு வாழத் தெரிந்தவர்களால்தான் கதவை அடைக்கவும் முடிந்தது.

இவ்வளவும் கூறியதனால், அவர்கள் வாழ்வில் குறையே இல்லையென நாம் கனவு காணலாகாது. நோயுற்றவரையும் பிள்ளைப்பேற்று வலி கண்ட தாய்மாரையும் கம்பில் கட்டிய துணித் தொட்டிலில் சுமந்துகொண்டு காட்டுவழியே வந்த செய்தியைப் பன்முறை படித்துவிட்டோம். பிறர் சுமந்தாலன்றி மருத்துவமனையை எட்டவியலாத வாழ்வைத் தன்னிறைவு என்று புகழ்வது, சாலையோரத்தில் வாழும் நமக்கு எளிது. ஏலமும் மிளகும் பணம் தந்தமையால் புனத்தில் கேழ்வரகு குறைந்ததும், நியாயவிலை அரிசி அவர்கள் அடுப்பிலும் ஏறியதும் உண்மையே. சின்னாறு வன உயிர்க் காப்பகத்துள் இருக்கும் தாயண்ணன்குடி முதுவர், அருகிவந்த கேழ்வரகு இனங்களைத் தேடியெடுத்து வனத்துறையின் துணையோடு மீண்டும் விதைத்திருப்பது ஆறுதல் அளிக்கிறது.

நிலம் கொடுத்தால் மட்டும் வாழ்வு வந்துவிடாது என்பதற்கு நம் சின்னக்கானலே சான்று. 2000ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு இங்கே நிலம் வழங்கப்பட்டது. '301 காலனி' என்ற பெயர் அதனால் வந்ததே. ஆனால் அது யானைகள் நடமாடும் இடம். அஞ்சி வெளியேறிய குடும்பங்கள் பல. அரிசியின் சுவை கண்டு வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்த ஆண் யானைக்கு 'அரிக்கொம்பன்' என்று பெயரிட்டதையும், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி செலுத்தி அதனைக் கொண்டுசென்றதையும் நாம் அறிவோம். காட்டில் தன் உணவைத் தானே தேடிய விலங்குகூட, நம்மைப் போலவே, மூட்டை அரிசிக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது!

இவற்றால் நாம் கூற விழைவது யாதெனில், தன்னிறைவு என்பது உலகை விட்டு ஒதுங்கி வாழ்வதன்று. நோய்க்குச் சாலையும், பிள்ளைக்குப் பள்ளியும் வேண்டும். அவற்றைக் கேட்பது உரிமை. ஆனால் எதை விதைப்பது, எதைச் சேமிப்பது, எது போதும் என்ற அறிவை இழந்துவிட்டால், சாலை எத்துணை அகலமாக வந்தாலும் நாம் அதன் முனையில் காத்திருப்பவர்களாகவே இருப்போம். முதுவருக்குச் சாலை வேண்டும் என்று குரல் கொடுப்பது நம் கடன். அவர்களைக் 'காட்டு ஆட்கள்' என்று நம் பிள்ளைகள் இகழக் கேட்டால் திருத்துவதும் நம் கடன்.

நம் வீட்டளவில் செய்யத்தக்கதும் உண்டு. நம் அப்பத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த திருகை ஒன்று நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் மேற்கல் கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டாகவும், அடிக்கல் துவைக்குமிடத்தில் காலடிக் கல்லாகவும் பயன்பட்டன. ஊரடங்கு முடிந்த மறு திங்களில் இரண்டையும் தேய்த்துக் கழுவி ஒன்று சேர்த்தோம். முதல் நாள் மாவில் மணல் கலந்திருந்தது. களி வாயில் நறநறவென்றது. பிள்ளைகள் முகம் சுளித்தனர். இரண்டாம் வாரம் சரியாயிற்று. இன்று வாரத்தில் இரு நாள் எம் வீட்டில் கேழ்வரகே உணவு. வாசலோரத்து இரண்டு பாத்தியில் அவரையும் பூசணியும் உள்ளன. முற்றிய காய் ஒன்றிரண்டை விதைக்கென விட்டுவைக்கிறோம்.

இதனால் நாம் தன்னிறைவு பெற்றுவிட்டோம் என்று கூறவில்லை. அடுத்த முறை லாரி வராத நாளில், அதற்கப்புறம் என்ற கேள்விக்கு இரண்டு நாளுக்கேனும் விடை உண்டு. நேயர்கள் தத்தம் இல்லத்தின் பின்புறம் சென்று, பாட்டிமார் விட்டுச்சென்ற கல் எங்கே கிடக்கிறதென்று இன்றே பார்ப்பார்களாக.