சர்ப்பமும் சாத்தானும்

ஏதேன் தோட்டத்தில் ஏவாளோடு பேசிய சர்ப்பம் சாத்தானே என்பது கிறிஸ்தவ உலகில் ஆழ வேரூன்றிவிட்ட நம்பிக்கை. ஆலயச் சித்திரங்களிலும், ஞாயிறு பள்ளிப் பாடங்களிலும், 1667-ல் வெளிவந்த மில்டனின் மகாகாவியத்திலும் அதுவே நிறைந்திருப்பதால், ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசிப்பவர்களில் பலர், அங்கே சாத்தான் என்ற பெயர் ஓரிடத்திலும் வரவில்லை என்பதைக் கவனிப்பதே இல்லை. தேவன் உண்டாக்கிய காட்டு ஜீவன்கள் எல்லாவற்றிலும் தந்திரம் மிகுந்தது என்பதும், வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்னும்படி சாபம் பெற்றது என்பதுமே அச்சர்ப்பத்தைப் பற்றி நமக்குச் சொல்லப்படும் வரலாறு.

கனி புசித்த பின் நடைபெறும் அந்த விசாரணையைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மரங்களின் நடுவே ஒளிந்துகொண்ட ஆதாமைத் தேவன் கூப்பிட்டு விசாரிக்கிறார். அவனோ, தேவரீர் எனக்குத் துணையாகத் தந்த ஸ்திரீதான் கொடுத்தாள் என்று மனைவியின்மீதும், சாடையாகத் தேவன்மீதுமே பழியைப் போடுகிறான். ஸ்திரீயை விசாரிக்கிறார், அவள் சர்ப்பத்தைக் கைகாட்டுகிறாள். சர்ப்பத்தினிடத்திலோ ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை, நேரே தீர்ப்புத்தான். அந்தப் பூர்வகால ஆசிரியர் பொறுப்பை யாரிடம் வைக்கிறார் என்பதை இதைவிடத் தெளிவாக எவ்விதம் உணர்த்த முடியும்?

சாத்தான் என்ற பாத்திரத்தை நாம் சந்திப்பது வேறு ஆகமங்களில். யோபுவின் சரித்திரத்தில் அவன் தேவபுத்திரர்களோடு சந்நிதியில் வந்து நின்று, நீதிமானுடைய பக்தி பலனை எதிர்பார்த்த பக்தி என்று குற்றஞ்சாட்டுகிறான். ஆனால் தேவனிடம் அனுமதி பெறாமல் யோபுவின்மேல் ஒரு விரலும் வைக்கச் சாத்தானால் இயலவில்லை. சகரியாவின் தரிசனத்திலும் பிரதான ஆசாரியனுடைய வலதுபக்கத்தில் நிற்பவன் அதே குற்றஞ்சாட்டுகிறவன்தான். தாவீது ஜனங்களைத் தொகையிட்ட சம்பவம் இதைக்காட்டிலும் சிந்திக்கத்தக்கது. சாமுவேலின் இரண்டாம் புஸ்தகம் அதைக் கர்த்தரின் கோபம் ஏவிவிட்ட செயலாகக் கூற, பிற்காலத்தில் எழுதப்பட்ட நாளாகமமோ அதே செயலுக்குச் சாத்தானைக் காரணமாக்குகிறது. தீமையின் மூலத்தைத் தேவனிடத்தில் ஆரோபிக்க மனம் ஒப்பாத ஒரு தலைமுறையின் பக்தியையே இந்த மாற்றத்தில் நான் காண்கிறேன்.

சர்ப்பமும் சாத்தானும் ஒருவராவது இன்னும் பிந்திய காலத்து நிகழ்ச்சி. பிசாசின் பொறாமையால் மரணம் உலகில் நுழைந்தது என்று கிரேக்கத்தில் இயற்றப்பட்ட சாலமோனின் ஞானம் என்னும் நூல் கூறுகிறது; பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒன்றே என்று வெளிப்படுத்தின விசேஷம் பறைசாற்றுகிறது; இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி ஏதேன் சர்ப்பத்தையே சாத்தானாக வியாக்கியானம் செய்தார்; பின்னர் வந்த அகஸ்தீன், பிசாசு அந்தப் பிராணியைத் தன் கருவியாக உபயோகித்தான் என்று வகுத்தார். யூத ரபிகளில் ரேஷ் லாகிஷ், சாத்தானும், மனிதனுக்குள் இருக்கும் துர்ச்சிந்தையும், மரண தூதனும் ஒன்றே என்றதாகத் தல்மூது தெரிவிக்கிறது. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் அகப்பட்ட ஏடுகளிலோ சர்ப்பமே ஞானம் போதிக்கும் ஆசானாகத் தோன்றும் நூல்களும் உண்டு. இது விபரீதமாகத் தோன்றுமாயினும், வனாந்தரத்தில் மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தை நோக்கினோர் பிழைத்தார்கள் என்பதும், யோவான் சுவிசேஷம் அதைக் கிறிஸ்துவுக்கே உவமையாக்குகிறது என்பதும், அதற்குத் தூபங்காட்டத் தலைப்பட்ட ஜனங்களைக் கண்டு எசேக்கியா அரசன் அதை உடைத்துப்போட்டான் என்பதும் வேதாகமத்துக்குள்ளேயே இருப்பவைதாம்.

சர்ப்பத்தைச் சாத்தானாகக் கண்ட வியாக்கியானத்தை நான் தள்ளவில்லை. துன்பத்தில் உழன்ற ஆதி சபையாருக்கு, தங்களை ஒடுக்கும் வல்லமைக்குப் பின்னால் முறியடிக்கப்படப்போகிற ஒரு சத்துரு நிற்கிறான் என்ற நம்பிக்கை எத்தனை பெரிய ஆறுதல்! ஆனால் அந்தச் சத்துருவின் முகத்தை அண்டை வீட்டாரிடம் காணத் தொடங்கியதால் விளைந்த கொடுமைகளை மறைப்பது நேர்மையன்று. தெர்த்துல்லியன் பெண்குலத்தையே பிசாசு நுழைந்த வாசலாக இகழ்ந்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஹைன்ரிக் கிராமர் எழுதிய சூனிய வேட்டை நூல், பிசாசோடு உடன்படிக்கை செய்தவர்கள் என்று சொல்லி எளிய பெண்களை ஆக்கினைக்குள்ளாக்க வழிகாட்டியது. 1543-ல் யூதருக்கு விரோதமாக லூதர் எழுதிய நூல், அவர்களைப் பிசாசின் பிள்ளைகளாகச் சித்திரித்து, அவர்களுடைய ஜெபாலயங்களைக் கொளுத்தும்படி அதிபதிகளுக்கு யோசனை கூறிற்று. அறிஞர் எலைன் பேகல்ஸ் 1995-ல் வெளியிட்ட சாத்தானின் தோற்றம் பற்றிய ஆராய்ச்சி, எதிரிகளைச் சாத்தானின் பக்கத்தவராக்கும் இந்த வழக்கத்தையே விரிவாக எடுத்துக்காட்டுகிறது.

ஆகையால் நம் பிரசங்கிகளிடமும் வேதபாட ஆசிரியர்களிடமும் நான் கேட்பது இதுதான்: மூன்றாம் அதிகாரத்தைக் கற்பிக்கும்போது, பிந்திய காலத்து வியாக்கியானத்தைப் பிந்தியது என்றே சொல்லிக் கொடுங்கள், அத்துடன் நிறுத்தாமல் நான்காம் அதிகாரத்தையும் சேர்த்தே வாசியுங்கள். அங்கே காயீன் தன் சகோதரனைக் கொல்லும் உலகின் முதற்கொலை நடக்கிறது. சர்ப்பமும் இல்லை, சோதனைக்காரனும் இல்லை. பாவம் உன் வாசற்படியில் படுத்திருக்கிறது, அதை நீ ஆண்டுகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை, கொலைக்கு முன்னமே காயீனுக்கு நேர்முகமாகக் கொடுக்கப்படுகிறது. பின்பு, உன் சகோதரன் எங்கே என்று கேட்கப்பட்டபோது, கைகாட்டுவதற்கு அவனுக்கு ஒருவரும் இல்லை.