பசுமை என்னும் பட்டம்

அறிவியல் தமிழில் ஒரு சொல் அளவுக்கு மீறி மலிந்துவிட்டது. அது பசுமை என்னும் சொல். பசுமை ஆற்றல், பசுமைத் தொழில், பசுமைக் கரைப்பான் என மேடையிலும் ஏட்டிலும் அடைமொழிகள் அணிவகுக்கின்றன. இவற்றுள் பசுமைக் கரைப்பான் என்னும் பட்டத்தை அயனி நீர்மங்களுக்குச் சூட்டுவதையே ஈண்டு எதிர்க்க முற்படுகிறேன். அயனி நீர்மங்களின்மீது எனக்குப் பகையில்லை. ஆராயாது புகழ்வோரிடமே வழக்கு.

அயனி நீர்மம் என்பது யாது? நாம் உணவிலிடும் உப்பு 801 பாகை செல்சியசில்தான் உருகும். அதன் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் சிறியன, உருண்டை வடிவின; ஒழுங்காக அடுக்கப்பெற்று ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்பன. அவற்றின் இடத்தில் பருமனும் கோணலுமான அயனிகளை வைத்தால் அடுக்கு அமையாது, பிடிப்புத் தளரும், உப்பு அறை வெப்பத்திலேயே நீர்மமாய்க் கிடக்கும். ஏறத்தாழ 12 பாகையில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றிப் பால் வால்டன் என்னும் வேதியியலார் 1914ஆம் ஆண்டிலேயே எழுதினார். உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அமெரிக்க வான்படைக் கல்லூரியில் ஜான் வில்க்சும் அவர்தம் குழுவினரும் மின்கலத்திற்கு ஏற்ற மின்பகுளியைத் தேடியபோதுதான் இத்துறை தழைத்தது. 1982இல் அவர்கள் வெளியிட்ட இமிடசோலியம் உப்புகள் ஈரம் பட்டால் கெட்டன. 1992இல் வில்க்சும் சவொரொட்கோவும் காற்றையும் நீரையும் தாங்குவனவற்றை ஆக்கிக் காட்டினர். ஆக, இந்நீர்மங்களின் பிறந்தகம் படைக்கல்லூரியின் மின்கல ஆய்வுக்கூடம். காடும் கழனியும் அல்ல.

பசுமைப் பட்டம் 1990களின் பிற்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது. பென்சீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் ஆவியாகித் தொழிலாளரின் மூச்சில் கலக்கின்றன. அயனி நீர்மமோ இயல்பான வெப்பத்தில் ஆவியாவதே இல்லை என்னலாம். ஆகவே அது தீங்கற்றது என்றனர். முன்னிரண்டு கூற்றுகளும் உண்மை. மூன்றாவது அவற்றின் வயிற்றில் எவ்வாறு பிறந்தது? எட்டிக்காயுந்தான் ஆவியாவதில்லை, அதனை இலையில் பரிமாறுவார் உண்டோ?

மூச்சில் புகாதது நீரில் புகலாம். இமிடசோலியம் அயனியோடு இணைந்த கரிமத் தொடர் நீள நீள, அது உயிரணுவின் சவ்வைக் குலைக்கும் ஆற்றலும் மிகுகிறது. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு குப்பைநிலத்தை அடுத்த மண்ணில் எட்டுக் கரிமத் தொடருடைய ஓர் இமிடசோலியம் அயனி கண்டறியப்பட்டதையும், அது ஆய்வுக்கூடத்தில் கல்லீரல் உயிரணுக்களை அழியச் செய்ததையும் நியூகாசில் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். ஒரு வகைக் கல்லீரல் நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆயினும் பசுமை என்று பெயர் பெற்ற குடும்பத்தின் பிள்ளை குப்பைமேட்டு மண்ணில் என்ன செய்துகொண்டிருந்தது?

இத்திருத்தங்களைச் செய்தவர்கள் இத்துறையின் பகைவர் அல்லர் என்பதே கருதத்தக்கது. ராபின் ரோஜர்ஸ் அயனி நீர்மத்தில் மரக்கூழின் செல்லுலோசைக் கரைத்துக் காட்டிய பெருவேதியியலார். அவருடைய குழுவே 2003இல், இவை எப்போதும் பசுமையானவை அல்ல என்று கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தது. பரவலாகப் பயன்பட்ட ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட்டு நீர்மம் நீரால் சிதைந்து, கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளூரைடைத் தந்ததை அது எடுத்துரைத்தது. இவை ஆவியாகவே மாட்டா என்ற நம்பிக்கையும் 2006இல் உடைந்தது. அழுத்தத்தைக் குறைத்துச் சூடேற்றிச் சில அயனி நீர்மங்களைக் காய்ச்சி வடித்துவிட்டனர். அக்கட்டுரையை எழுதியவருள் ஒருவர், இந்நீர்மங்களை உலகறியச் செய்த பெல்பாஸ்டின் கென்னத் செடன். அறிஞர் தம் கூற்றைத் தாமே திருத்திக்கொண்டனர். பரப்புவோரோ முதற் கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, திருத்தத்தைக் கைவிட்டனர். பழி யார்மேல்?

இனி, ஆற்றலைச் சேமிக்கும் பொருள்களுக்கு வருவோம். இன்று இப்பட்டம் மிகுதியாக ஒலிப்பது அங்கேதான். 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலத்தின் மின்பகுளி எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பான். அவ்விடத்தில் எளிதில் பற்றாத நீர்மத்தை வைக்க விழைவது நியாயமே. மீமின்தேக்கியில் பயன் இன்னும் தெளிவு. அதில் தேங்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். கரிமக் கரைப்பானில் 2.7 வோல்ட்டு என்றால், அயனி நீர்மத்தில் 3.5 வோல்ட்டு வரை செல்லலாம். மற்றவை மாறாவிடின் ஆற்றல் ஏறத்தாழ 1.7 மடங்காகும். இது மெய்யான ஆதாயம்; இதனை மறுப்பது அறியாமை.

அதற்குக் கொடுக்கும் விலையை ஏன் சொல்வதில்லை? இவ்வேலைக்கு வழக்கமாக எடுக்கப்படும் நீர்மங்கள் நீரைவிட முப்பது, நாற்பது மடங்கு பாகானவை. வேறு சில நூறு மடங்கையும் தாண்டும். பாகில் எறும்பு நகர்வது போல அயனிகள் நகரும். குளிரில் இன்னும் மெதுவாகும். அதைச் சரிசெய்ய அசிட்டோநைட்ரைலைக் கலக்கின்றனர். அதுவோ ஆவியாவது, தீப்பற்றுவது! எந்தக் கரைப்பானை வெளியேற்ற இவர் வந்தாரோ, அதே கரைப்பானைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பட்டம் மட்டும் பறிபோகவில்லை.

இதனினும் பெரிய விலை ஒன்று உண்டு. பாகுத்தன்மை குறைந்த, நிலைத்து நிற்கும் நீர்மம் வேண்டுமாயின் பெரும்பாலும் ஃபுளூரின் செறிந்த இமைடு அயனியையே நாடுகின்றனர். லித்தியம் மின்கலங்களிலும் அது உப்பாகச் சேர்க்கப்படுகிறது. அதன் கரிம–ஃபுளூரின் பிணைப்பு எளிதில் முறியாது. மின்கலத்திற்கு அது நலம், ஆற்றுக்கு? இவ்வகை இமைடுகள் அமெரிக்காவிலும் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அவற்றை ஆக்கும் ஆலைகளை அண்டிய நீரிலும் மண்ணிலும் காணப்பட்டதை 2024இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மின்கலத்தினுள் போற்றப்படும் அதே உறுதி, வெளியே தலைமுறைக்கும் நீங்காத எச்சமாகிறது.

"பழைய கரைப்பான்கள் இதனினும் கொடியனவல்லவா?" என்பர். சில கொடியனவே. அவ்வாறாயின் எதனைவிட, எவ்வகையில், எத்துணை நல்லது என்று சொல்லட்டும்.

அவ்வாறு சொல்லத்தக்க செயல் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. இயற்கை எரிவாயுவில் சிறிதளவு பாதரசம் கலந்து வரும். அது அலுமினியக் கலங்களை அரிக்கும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் வெப்பமாற்றிக் கலமே இதனாற் கெட்டது. பெட்ரோனாசும் பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகமும் இணைந்து, செம்பு கலந்த அயனி நீர்மத்தை நுண்துளைச் சிலிக்கா மணிகளில் ஊறவைத்து, பாதரசத்தைப் பிடிக்கும் முறையைக் கண்டன. 2011 முதல் அது மலேசிய எரிவாயு ஆலையில் பணியாற்றத் தொடங்கியது. இங்கே அடைமொழி எதற்கு? உள்ளே நுழைந்த பாதரசம் எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று அளந்தால் போயிற்று. தீர்ந்த மணிகள் எங்கே போகின்றன என்றும் கேட்கலாம், அதுவும் அளக்கத்தக்கதே.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று எண்ணற்க. ஆங்கிலத்தில் விளம்பரமாகப் பிறந்த சொல்லைப் பசுமை என்று பெயர்த்தவுடன், நம் மாணவன் கண்முன் நாற்றங்காலும் தளிரும் வந்து நிற்கின்றன. வேதியியலில் இல்லாத நற்சான்றைத் தமிழ் தன் கையிலிருந்து வழங்கிவிடுகிறது. பச்சைப் பொய் என்பதும் நம் வழக்குத்தான் என்பதை அப்போது யார் நினைக்கிறார்? கட்டுரை ஏட்டில் மாணவன் பசுமைக் கரைப்பான் என்று எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் அதனை அடித்து, "ஆவியாகாக் கரைப்பான்" என்று திருத்தட்டும். ஓரத்தில், எதிலிருந்து செய்யப்பட்டது, பயன்பட்டபின் எங்கே போகிறது என்று கேட்டு எழுதட்டும். விடை கொண்டுவரும் மாணவனுக்கு முழு மதிப்பெண் தரலாம், சந்திப்பிழை இரண்டு இருந்தாலும்.