அசலூர் ஆஸ்பத்திரி

போன மாதம் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கரியாலூரில் தெரிந்தவர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். அந்த வீட்டு அம்மாளின் மகள் கல்யாணமாகி இங்கிலாந்தில் இருக்கிறாள். ஏழு மாத கர்ப்பிணி. சாயங்காலம் போனில் ஒரே புலம்பல்.

"ஊசி கிடையாது, டானிக் கிடையாதும்மா. பெரிய டாக்டர் முகத்தையே நான் பார்க்கலை. நர்ஸுங்கதான் பிரஷர் பார்த்து அனுப்பிடறாங்க. நம்ம ஊர்லேயே இதைவிட நல்லாப் பார்ப்பாங்க. இந்தத் தடவை நான் செக்கப்புக்குப் போகவே இல்லை."

கடைசி வார்த்தை எனக்குத் திக்கென்றது. போனை வாங்கினேன்.

"ஏன் கண்ணு போகலை?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வேகமாப் பேசறாங்க அத்தை. பாதி புரியலை. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துடறேன். வெக்கமா இருக்கு."

பாருங்கள், டானிக் என்று ஆரம்பித்த குறை எங்கே போய் முடிகிறது!

அந்த நாட்டில் 1948 ஜூலை 5 முதல் தேசிய சுகாதார சேவை நடக்கிறது. சிக்கல் இல்லாத கர்ப்பத்தைக் கடைசிவரை கவனிப்பவர் 'மிட்வைஃப்' என்னும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிதான். சிக்கல் என்றால்தான் டாக்டர். தேவையில்லாமல் ஊசி, மருந்து தருவதில்லை. அதை அலட்சியம் என்று நம் பெண்கள் நினைத்துவிடுகிறார்கள்.

விசாவில் போகிறவர்களில் பலர் சுகாதாரக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு. அப்படிக் கட்டியவர்களுக்குப் பிரசவத்துக்குத் தனி பில் வராது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் செலவில்லாமல் ஏற்பாடு செய்வார்கள். இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியவே தெரியாது!

"உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

"ரெண்டு நாளா தலைவலி. மூஞ்சி, கையெல்லாம் வீங்கினாப்பல இருக்கு."

"இப்பவே ஆஸ்பத்திரி பிரசவப் பிரிவுக்குப் போன் பண்ணு. 'தமிழ் பேசறவங்க வேணும்'னு முதல்லேயே சொல்லிடு" என்றேன்.

அன்றே போனாள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மூன்று நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர் போன் வழியாகவே ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாராம். "இப்பதான் நல்லாப் பார்க்கறாங்கன்னு தோணுது அத்தை" என்றாள். மருத்துவச்சி அதே மருத்துவச்சிதான்!

இதைக் கேட்ட கரியாலூர் அம்மாள் சொன்னார்: "இங்கிலாந்து எதுக்குங்க? எங்க மலைப் பொம்பளைங்க கீழே டவுனு ஆஸ்பத்திரிக்கு எறங்கினாலும் இப்படித்தான் தலையாட்டிட்டு வந்துடுவாங்க. அதுவும் அசலூருதானே!"

எவ்வளவு உண்மை! பாஷை ஒன்றாக இருந்தும் வாய் திறக்கக் கூசுகிறோமே.

ஆகவே சகோதரிகளே, எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். "புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். செக்கப்பைத் தவறவிடாதீர்கள். விடாத தலைவலி, பார்வை மங்கல், திடீரென்று முகம், கை வீக்கம், விலாவுக்குக் கீழே வலி, குழந்தையின் அசைவு குறைதல், இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. நம் தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104, ஆம்புலன்ஸுக்கு 108. இங்கிலாந்தில் 111, ஆபத்து என்றால் 999.

மகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் தாய்மார்களே, ஊறுகாய், பருப்புப் பொடி கட்டும்போதே இந்த எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிடுங்கள். ஊறுகாய் தீர்ந்தாலும் சீட்டு இருக்கும்!