மிச்சம் பிடிக்காதீர்கள், புது லிஸ்ட் கொடுங்கள்!

எம்எஸ் வேர்டில் லீவ் லெட்டர் ஒன்றை மாதிரிக்காக டைப் செய்து வைத்திருப்பீர்கள். அடுத்த முறை அதையே திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி சேவ் கொடுத்து விடுவீர்கள். மாதிரி போயே போச்சு! அதை டெம்ப்ளேட்டாக சேவ் செய்திருந்தால், டபுள் கிளிக் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிய பிரதி திறக்கும். மாதிரி அப்படியே இருக்கும்.

புரோகிராம் எழுதுபவர்களும் இதே தவறைச் செய்கிறோம். ஒரு மளிகைக் கடைக்கு பைத்தான் மொழியில் பில் போடும் புரோகிராம் எழுதினேன். அதில் ஒரு பங்ஷன், அதாவது ஒரு வேலையை மட்டும் கவனிக்கும் சிறு பகுதி, பொருளை லிஸ்ட்டில் சேர்த்துத் திருப்பித் தரும். லிஸ்ட் எதுவும் தராவிட்டால், காலி லிஸ்ட் ஒன்றை டீபால்ட்டாக எடுத்துக்கொள்ளும். முதல் பில் சரியாக வந்தது. அடுத்தவர் வாங்கியது ஒரு சோப்பு மட்டும். அவர் பில்லில் முந்தையவரின் அரிசியும் பருப்பும் சேர்ந்து வந்தன! நல்லவேளை, பணம் கொடுக்கும் முன் அவரே பார்த்துச் சொன்னார்.

காரணம் இதுதான். கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட பைத்தான் மொழியில், டீபால்ட் மதிப்பு ஒரே ஒரு முறைதான் உருவாகும், பங்ஷனை வரையறுக்கும்போது. பிறகு எத்தனை முறை அழைத்தாலும் அதே பழைய லிஸ்ட்தான் வரும். ஜாவா ஸ்கிரிப்ட்டில் 2015-ல் வந்த டீபால்ட் வசதி அப்படியல்ல. அழைக்கும்போதெல்லாம் புதிதாக உருவாக்கும்.

பைத்தானில் இதற்கு வழி எளிது. டீபால்ட்டாக 'நன்' என்று கொடுங்கள். லிஸ்ட் வராவிட்டால் பங்ஷனுக்குள்ளேயே புதிய லிஸ்ட்டை உருவாக்குங்கள்.

"ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் வேகம் குறையாதா?" என்று சிலர் கேட்பார்கள். இன்றைய சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே 1 நொடிக்குள் 10 லட்சம் காலி லிஸ்ட்களை உருவாக்கிவிடும். இதில் மிச்சம் பிடித்து என்ன லாபம்? தவறான பில் ஒன்று போனால் கடைக்காரருக்கு வாடிக்கையாளர் போய்விடுவார். எண், எழுத்துச் சரம், டியூப்பிள் போன்ற மாற்ற முடியாதவற்றைத் தாராளமாகப் பகிரலாம். லிஸ்ட் போல மாறக்கூடியதைப் பகிரவே கூடாது என்பேன்.

இந்தத் தவறு முதல் முறை தெரியாது. ஆகவே நீங்கள் எழுதும் பங்ஷனை, ஒரே ஓட்டத்தில் இரண்டு முறை அழைத்துப் பாருங்கள். இரண்டாவது விடையும் சரியாக வந்த பிறகே அடுத்தவரிடம் கொடுங்கள்.