பெயர்ச்சீட்டு இல்லாத குப்பி



நான் சட்டம் பயில்பவன் அல்லன், வேதியியல் பயில்பவன். அமிலமும் குடுவையுமாகக் காலங் கழிக்கும் உனக்கு எங்கள் தோட்டத்தில் என்ன வேலை என்று நம் சட்டக் கல்லூரி நண்பர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு தீர்ப்பு அவர்களுடையது.

லேக் மார்க்கெட் பக்கத்தில் இட்லிக் கடை நடத்தும் தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஞாயிறுதோறும் அவர் கடையில்தான் எனக்குக் காலை உணவு. சென்ற ஆண்டு ஒரு நாள் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, இதைப் பாருங்க. பன்னிரண்டு வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்தால் அது நமக்கே சொந்தமாம். நான் பதினாறு வருஷமாக இருக்கிறேனே!" என்றார், முகமெல்லாம் மலர்ச்சியோடு. கழுத்தில் வெள்ளைப் பட்டி கட்டிய இளைஞர் ஒருவர் அந்தக் காட்சியில் கணீரென்று பேசினார். சட்ட மாணவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பார்த்திருந்தனர்.

பெரியவர் அந்த மாதமே வாடகையை நிறுத்திவிட்டார். ஐந்தாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

நம் சங்கத்துச் சட்ட மாணவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் படித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அது உரிமையாளரை எதிர்த்து, அவர் இசைவின்றி, இது என்னுடையது என்று வெளிப்படையாக அனுபவித்து வருபவருக்கு உரியது. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் உரிமையாளரின் இசைவோடு இருப்பவர். அவருக்கு அது எங்ஙனம் பொருந்தும்? வாடகை பாக்கி வைப்பதோ, வீட்டை விட்டு வெளியேற்றுவதற்கு வழக்குத் தொடரும் காரணங்களில் ஒன்று! பதினாறு ஆண்டு ஒழுங்காக வாடகை கொடுத்து வந்த மனிதரின் கையிலிருந்த பாதுகாப்பை, இரண்டு நிமிடக் காட்சி ஒன்று பறித்துவிட்டது. வட்டிக்குக் கடன் வாங்கிப் பாக்கியைக் கட்டினார். ஒரு நல்ல வழக்கறிஞர் இடைநின்று சமாதானம் பேசியதால் வீடு தப்பியது. கடன் இன்னும் தீரவில்லை.

அந்த இளைஞர் பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னவராக எனக்குத் தோன்றவில்லை. அரை உண்மையை முழு வேகத்தில் சொன்னார். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் உண்டு: பெயர்ச்சீட்டு இல்லாத குப்பியைத் தொடாதே. உள்ளே இருப்பது தண்ணீராகவும் இருக்கலாம், கந்தக அமிலமாகவும் இருக்கலாம். எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, எந்த நீதிமன்றம் என்று சொல்லாமல் வரும் சட்டச் செய்தி பெயர்ச்சீட்டு இல்லாத குப்பி அன்றோ?

அப்படியானால் சட்ட மாணவர் வாய் மூடி இருப்பதே நலம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. வாய் மூடச் சொல்வோரும் நம்மிடையே உண்டு. "எதையும் எழுதாதே, எதையும் பகிராதே, நாளை வேலை தருபவர்கள் துருவிப் பார்ப்பார்கள்" என்பது அவர்கள் உபதேசம். அவர்கள் அச்சத்துக்கு இந்த நகரத்திலேயே காரணம் உண்டு.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். அவர் வேதியியல் பேராசிரியர். ஆகவே எங்கள் வகுப்பில் அந்தக் கதை இன்றும் பேசப்படுகிறது. செய்த குற்றம் என்ன? முதலமைச்சரைப் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றைத் தம் குடியிருப்புச் சங்கத்தாருக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். இரயில்வே அமைச்சர் மாற்றப்பட்டதைச் சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' படத்தோடு இணைத்துச் செய்த நையாண்டி அது. உடன் கைதானவர் அதே குடியிருப்பைச் சேர்ந்த முதியவர் சுப்ரதா சென்குப்தா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அவர்கள்மீது பாய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் நடத்துநர், ட்விட்டரில் இட்ட ஒரு வரிக்காக அதே பிரிவில் கைதானார். நவம்பரில் மகாராஷ்டிரத்துப் பால்கரில் இரண்டு இளம்பெண்கள். ஒருத்தி எழுதினாள், மற்றவள் அதை விரும்பினாள், அவ்வளவுதான்.

பால்கர்ச் செய்தியைக் கேட்டு நாடே கொதித்தது. கொதித்தவர்களுள் ஒருவர் செய்ததைக் கவனியுங்கள். ஷ்ரேயா சிங்கால், வயது 21, இங்கிலாந்தில் வானியற்பியல் பயின்று திரும்பியிருந்தவர். அந்தப் பிரிவை எடுத்துப் படித்தார். சொற்களின் தெளிவின்மையைக் கண்டார். உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 2015 மார்ச் 24 அன்று 66ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை அடியோடு நீக்கியது. அப்போது அவர் தில்லியில் சட்ட மாணவி.

ஸ்வப்னில் திரிபாதி என்ற மற்றொரு சட்ட மாணவரும் உண்டு. முக்கியமான வழக்குகளை மாணவரும் மக்களும் நேரில் காண வேண்டும் என்று அவரும் வழக்குத் தொடுத்தார். 2018 செப்டம்பர் 26 அன்று நேரலைக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியலமைப்பு அமர்வின் விசாரணைகளை நாம் விடுதி அறையிலிருந்தே காண்கிறோம். கருவியைக் கொண்டு தமக்குக் கூட்டம் சேர்த்தவர்களை நாடு மறந்துவிடும். கருவிக்காக வாதாடிய இந்த மாணவர்களை மறக்காது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015இல் இறந்த பிரிவின் கீழ் 2021இலும் காவல் நிலையங்களில் வழக்குப் பதிவாகி வருவதை அறிந்து உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில், எவர்மீதும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தலாகாது என்று மீண்டும் ஆணையிட வேண்டியதாயிற்று. மகாபாத்ரா முற்றிலும் விடுபட்டது 2023 ஜனவரியில். முதியவர் சென்குப்தா அந்த நாளைக் காணாமலே கண் மூடினார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு கேலிச்சித்திரம் நொடியில் ஊர் சுற்றியது. ஒரு பொய், இலட்சம் பேரை எட்டி இட்லிக் கடைக்கு வந்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்போ ஆறு ஆண்டாகியும் காவல் நிலையத்து மேசையை எட்டவில்லை! இந்த இடைவெளியில்தான் சட்ட மாணவர்க்கு வேலை இருக்கிறது என்கிறேன்.

"எங்கள் பிழைப்பு என்னாவது? பெயர் பரவினால்தானே வழக்கு வரும்?" என்கிறார் நண்பர் ஒருவர். அவருக்கு ஒரு நினைவூட்டல். பார் கவுன்சிலின் 36ஆம் விதி, வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குத் தேடுவதைத் தடுக்கிறது. 2008இல் செய்த திருத்தம் பெயர், முகவரி, தகுதி, தொழிற்பிரிவு போன்ற சில விவரங்களை மட்டும் இணையத்தில் இட இசைகிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்களின் வழியே விளம்பரம் செய்து ஆள் பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி உத்தரவிட்டது. இன்று மாணவராக இருந்து சேர்க்கும் கூட்டம் நாளை கறுப்பு அங்கி அணியும்போது பாரமாகலாம்.

செயற்கை அறிவை நம்பி மனு எழுதுவோருக்கும் ஒரு சொல். 2023 ஜூன் மாதம் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பித்துக் கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. மூலத்தைத் திறந்து பார்க்க அவர்களுக்குச் சோம்பல். நமக்கோ அந்தச் சோம்பலுக்கு மன்னிப்பே கிடையாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். சில தீர்ப்புகள் தமிழிலும் கிடைக்கின்றன.

கண்ணகி பாண்டியன் அவையில் உரக்கப் பேசியதால் மட்டும் வெல்லவில்லை. சிலம்பை உடைத்துக் காட்டினாள். சான்றுதான் வழக்கை வென்றது.

ஆகவே நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு சட்டச் செய்தியை, இந்த நகரத்துத் தமிழ்த் தொழிலாளிக்கும் கடைக்காரருக்கும் புரியும் தமிழில் வெளியிடுவோம். சட்டத்தின் பெயர், ஆண்டு, பிரிவு, தீர்ப்பின் நாள் இவை ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். ஒரு சட்ட மாணவர் எழுதட்டும். இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிடட்டும். படித்தால் புரிகிறதா என்று எங்களைப் போன்ற சட்டம் அறியாதவர் ஒருவர் பார்க்கட்டும். இது சட்ட அறிவு, உம் வழக்குக்கான ஆலோசனை வழக்கறிஞரிடமே என்ற வரியும், இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணும் அடியில் இருக்கட்டும்.

முதல் செய்தி எதைப் பற்றி என்று கேட்டால், வாடகையைப் பற்றி என்பேன். அதை அச்சிட்டு அந்த இட்லிக் கடைச் சுவரில் ஒட்டப் பெரியவரிடம் இசைவு வாங்கிவிட்டேன். எழுதுவதற்குத்தான் ஆள் தேவை.